ரத்த அளவு இறங்கினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். என் கணவருக்கு 58 வயது. லோரி ஓட்டுகிறார். இனிப்புநீர் உண்டு. 1986இல் அவரும் அவருடைய அண்ணனும் ஒரே லோரி விபத்தில் அடிபட்டு, இருவருக்கும் ரத்தம் ஏற்றினார்கள். ஹெபடைட்டிஸ் சி அப்போதுதான் வந்திருக்கும் என்கிறார்கள். இவருக்குக் கல்லீரல் இறுகிவிட்டதாக ஸ்கேனில் தெரிந்து, இப்போது ஏழு வாரமாக சோபோஸ்புவிர், டக்லாட்டாஸ்விர், ரிபாவிரின் என்று மூன்று மருந்து சாப்பிடுகிறார். மொத்தம் 24 வாரம். ஆரம்பத்தில் 13.9 இருந்த ஹீமோகுளோபின் நாலாவது வாரம் 10.6, ஆறாவது வாரம் 9.7. ரிபாவிரினை 1000இலிருந்து 600ஆகக் குறைத்துவிட்டார்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 68. கண் லேசாக மஞ்சள். எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் பழுது. ஐந்தாவது மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார்.

என் மூத்தாருக்கு 2011இல் இதே நோய்க்கு வாரம் ஒரு ஊசி போட்டார்கள், கூடவே மாத்திரை. பதினாலாவது வாரம் காலெல்லாம் சிவப்புப் புள்ளி, ஈறில் ரத்தம். பிளேட்லெட் 6க்கு இறங்கி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. பட்டர்வொர்த்திலிருந்து தினமும் போன் செய்து, "தம்பி உயிரோட இருக்கணும்னா மாத்திரைய நிறுத்தச் சொல்லு" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாறும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுக்கச் சொல்கிறார். ஒரே நல்ல செய்தி, 8.3 இருந்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு) இப்போது 5.9. ரிப்போர்ட் நகல்களை இணைத்திருக்கிறேன். நிறுத்திவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செந்தூல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதைப் படிக்கும் நாளிலும் பட்டர்வொர்த்திலிருந்து போன் வந்திருக்கும். பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருப்பீர்கள்.

நீங்கள் அனுப்பிய ஆறு ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக மேசையில் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரே ஒரு தாளைப் பார்த்தால் எனக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். ஆறையும் சேர்த்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

முதலில் உங்கள் மூத்தாரைப் பற்றி. அவர் பயப்படுவதில் தப்பே இல்லை. காலில் புள்ளியும் ஈறில் ரத்தமுமாகப் படுத்துக் கிடந்தவர் அவர். அந்த மூன்று வாரம் அவருக்கு மறக்காது. ஆனால் அவருக்குப் போட்டது இன்டர்ஃபெரான் ஊசி. உங்கள் கணவருக்கு அந்த ஊசியே கிடையாது. 2011இல் ஹெபடைட்டிஸ் சிக்கு இருந்த சிகிச்சை, வாரம் ஒரு முறை பெக்இன்டர்ஃபெரான், தினமும் ரிபாவிரின். ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையை அடக்கிவைக்கிற தன்மை இன்டர்ஃபெரானுக்கு உண்டு. வெள்ளணு இறங்கும், பிளேட்லெட் இறங்கும். பிளேட்லெட் 50,000க்குக் கீழே போனால் ஊசியைப் பாதியாக்குவோம், 25,000க்குக் கீழே போனால் நிறுத்துவோம். அந்தக் காலத்தில் என் வேலையில் பாதி இந்தக் கணக்குத்தான். சோபோஸ்புவிர் மாதிரியான மாத்திரைகள் 2013 கடைசியில் வந்த பிறகு அந்த ஊசி மெல்ல மெல்ல ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையை விட்டே போய்விட்டது. ஹெபடைட்டிஸ் பி உள்ள சிலருக்கு மட்டும் இன்னும் போடுகிறார்கள்.

இரண்டு சிகிச்சைக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பது ரிபாவிரின் ஒன்றுதான். உங்கள் கணவரின் ஹீமோகுளோபினை இறக்கியதும் அதுதான்.

ரிபாவிரின் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். நாம் விழுங்கும் ரிபாவிரின் சிவப்பணுவுக்குள் புகுந்ததும் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு உருமாறுகிறது. மற்ற அணுக்களில் அந்த பாஸ்பேட்டைக் கழற்றிவிட என்சைம் இருக்கிறது. மருந்து வந்த வழியே வெளியேறிவிடும். சிவப்பணுவில் அந்த என்சைம் இல்லை. உள்ளே போனது போனதுதான். நாளாக ஆகச் சேர்ந்து, அணுவின் சக்தி வற்றி, மேல்சவ்வு பழுதாகி, மண்ணீரலும் கல்லீரலும் அதைப் பழசு என்று பிடித்து அழித்துவிடுகின்றன. 120 நாள் ஓட வேண்டிய அணு சீக்கிரமே கழிந்துவிடுகிறது. அதனால்தான் முதல் நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் சரசரவென்று இறங்கும். அதற்குள் எலும்பு மஜ்ஜை விழித்துக்கொண்டு கூடுதலாக அணுக்களை உற்பத்தி செய்யத் தொடங்கும். இறக்கம் ஒரு மட்டத்துக்கு வந்து நிற்கும். இரண்டு, மூன்று கிராம் இறங்குவது சாதாரணம். உங்கள் கணவருக்கு நாலு கிராம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம் அதிகம், ஆனாலும் நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். ஒருவருக்கு ஒரு கிராம், இன்னொருவருக்கு நாலு கிராம் என்று ஏன் மாறுகிறது என்பதற்கு 2010இல் ஒரு காரணம் கிடைத்தது. ஐ.டி.பி.ஏ. என்ற மரபணுவில் சிறு மாற்றம் உள்ளவர்களின் சிவப்பணு இந்த மருந்தை நன்றாகத் தாங்குகிறது. ஆகவே இது அவர் சரியாகச் சாப்பிடாததாலோ நீங்கள் சரியாகச் சமைத்துப் போடாததாலோ வந்ததில்லை. உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

கண் மஞ்சளும் இதன் தொடர்ச்சிதான். அழிந்த சிவப்பணுவிலிருந்துதான் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி வருகிறது. ஆறாவது வார ரிப்போர்ட்டில் மொத்த பிலிருபின் 41, அதில் கல்லீரல் பக்குவப்படுத்திய நேரடி வகை 9 மட்டும். கல்லீரல் மோசமாகி வரும் மஞ்சளாக இருந்தால் இந்த நேரடி வகையும் கூடவே ஏறியிருக்கும். அதே தாளில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் என்சைம் 96இலிருந்து 28க்கு இறங்கியிருக்கிறது. கல்லீரல் அழற்சி தணிகிறது என்று அர்த்தம். காமாலை திரும்பி வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அந்த 28ஐக் காட்டுங்கள். ஆனால் மஞ்சள் கூடிக்கொண்டே போனாலோ, வயிறு உப்பினாலோ அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. அதே ஆறாவது வார ரிப்போர்ட்டின் அடியில், யாரும் கவனிக்காத இடத்தில், ஒரு வரி இருக்கிறது: 'பாலிகுரோமேசியா'. கண்ணாடித் துண்டில் ஒரு துளி ரத்தத்தை இழுத்துப் பூசி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் எழுதிய வார்த்தை அது. முற்றிய சிவப்பணுக்கள் அதில் இளஞ்சிவப்பாக, நடுவில் வெளிறி, நாணயம் கொட்டிவைத்த மாதிரி தெரியும். அவற்றுக்கு நடுவே கொஞ்சம் பெரியதாக, நீலம் கலந்த ஊதா நிறத்தில் சில அணுக்கள் தெரிந்தால், அவை மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பிஞ்சு அணுக்கள். அவற்றை எண்ணிச் சொல்லும் பரிசோதனைக்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். சாதாரணமாக 0.5 முதல் 2.5 சதவீதம் இருக்கும். உங்கள் கணவருக்கு 5.8. மஜ்ஜை முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருக்கிறது. எனக்கு இந்த ஆறு தாளிலேயே மிகவும் பிடித்த எண் இதுதான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹீமோகுளோபின் இறங்குவதில் இரண்டு விதம். ஒன்று, உற்பத்தி நடக்கிறது, ஆனால் சீக்கிரம் அழிகிறது. மற்றது, உற்பத்தியே நின்றுவிட்டது. முதல் விதத்தை மருந்தின் அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம். இரண்டாவது விதம்தான் எங்கள் வயிற்றைக் கலக்குவது. அதுவும் இந்தச் சிகிச்சையில், முக்கியமாக ஊசிக் காலத்தில், வெகு அபூர்வமாக வந்ததுண்டு. சிவப்பணு உற்பத்தி மட்டும் அப்படியே நின்றுபோவது ஒரு வகை. மஜ்ஜை முழுவதுமே ஓய்ந்து மூன்று வகை அணுக்களும் சேர்ந்து இறங்குவது இன்னொரு வகை. இந்த இரண்டிலும் ரெட்டிகுலோசைட் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். 5.8 வராது.

டாக்டர் ரிபாவிரினைக் குறைத்ததைப் பார்த்து, சிகிச்சை தோற்றுப்போகிறது என்று நினைத்துவிட்டீர்களோ என்று தோன்றியது. அப்படி இல்லை. இதயக் கோளாறு இல்லாதவருக்கு ஹீமோகுளோபின் 10க்குக் கீழே வந்தால் ரிபாவிரினை 600 மில்லிகிராமாகக் குறைப்பது, 8.5க்குக் கீழே வந்தால் அதை மட்டும் நிறுத்துவது என்பது மருந்தோடு வரும் விதி. உங்கள் டாக்டர் 9.7இல் அதைத்தான் செய்திருக்கிறார். இதய நோய் உள்ளவர்களுக்கு நாலு வாரத்துக்குள் 2 கிராம் இறங்கினாலே குறைப்பார்கள். உங்கள் கணவருக்கு நெஞ்சுவலி வந்ததுண்டா, ஈ.சி.ஜி. எடுத்தார்களா என்று கடிதத்தில் இல்லை. 58 வயது, இனிப்புநீர், படியேற மூச்சு வாங்குகிறது. இந்த மூன்றும் சேர்ந்திருப்பதால், அடுத்த முறை போகும்போது நீங்களே கேட்டு ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். வைரஸை அடக்கும் முக்கிய வேலையைச் செய்வது சோபோஸ்புவிரும் டக்லாட்டாஸ்விரும். அவை இரண்டும் ஒரு நாளும் விடுபடக் கூடாது. ரிபாவிரினைக் குறைத்தவர்களும் இந்தப் புதிய மாத்திரைகளோடு மற்றவர்களைப் போலவே குணமாகியிருக்கிறார்கள்.

இனி பிளேட்லெட். உங்கள் ரிப்போர்ட்டில் 68 என்று அச்சாகியிருப்பது 68,000. மூத்தாரின் 6 என்பது 6,000. பெயரளவில் இரண்டும் 'பிளேட்லெட் குறைவு'தான். ஆபத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதைவிட முக்கியம், முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட்டில் அவருக்கு 71 இருந்திருக்கிறது. ஏழு வாரத்தில் 71, 66, 70, 68 என்று ஒரே இடத்தில்தான் அசைகிறது. மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கல்லீரல் இறுகும்போது அதன் வழியே போக வேண்டிய ரத்தம் தேங்கி மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனும் கல்லீரலில்தான் சுரக்கிறது, அதுவும் குறைந்துபோகிறது.

பப்பாளி இலைச் சாற்றைப் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். டிங்கி நோயாளிகளிடம் நம் நாட்டிலேயே ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டும் இருக்கிறார்கள். ஆனால் டிங்கியில் பிளேட்லெட் குறைவது ஒரு வாரக் கூத்து. சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் காய்ச்சல் விட்ட சில நாளில் ஏறிவிடும். உங்கள் கணவருக்கு மண்ணீரலில் அடைபட்டிருப்பதைச் சாறு வந்து திறந்துவிடப் போவதில்லை. இறுகிய கல்லீரலுக்கு, அளவு தெரியாத எந்தச் சாறும் ஜாமு மூலிகை மருந்தும் கூடுதல் சுமை. பக்கத்து வீட்டு அக்கா அன்பால்தான் சொல்கிறார். நன்றி சொல்லிவிட்டு, இந்த ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்றிருங்கள்.

இரும்புச்சத்து டானிக்கும் வேண்டாம். ரத்தம் வெளியே வழிந்து போயிருந்தால் இரும்பு குறையும். இங்கே அணு உடம்புக்குள்ளேயே உடைவதால் இரும்பு எங்கும் போகவில்லை. மஜ்ஜை அதையே எடுத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. மேலே மேலே ஊற்றினால் அது போய்ப் படிவது கல்லீரலில்தான். ஃபோலிக் அமிலம் கொடுத்திருந்தால் சாப்பிடட்டும். கீரை, பருப்பு, மீன், முட்டை எல்லாம் வழக்கம்போல. பேரீச்சம்பழத்தை மட்டும் 'ரத்தம் ஊறும்' என்று கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்காதீர்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

'ஒரே நல்ல செய்தி' என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. அந்த எச்பிஏ1சி 5.9ஐ நம்பக் கூடாது. சிவப்பணு உயிரோடு இருக்கும் மூன்று நாலு மாதத்தில் அதன் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது என்பதைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. அணுவின் ஆயுளே சுருங்கிவிட்டால் சர்க்கரை ஒட்ட நேரம் எங்கே? ரத்தத்தில் இனிப்பு அப்படியே இருந்தாலும் எண் மட்டும் இறங்கித் தெரியும். ரிபாவிரின் சாப்பிடுகிறவர்களிடம் இது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் இனிப்புநீர் மருந்து ஒரு கிளினிக்கில், கல்லீரல் மருந்து இன்னொரு இடத்தில் என்று இருக்கும்போது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாமல் போகிறது. 5.9 என்ற சந்தோஷத்தில் மெட்ஃபார்மினைக் குறைத்துக்கொண்டாரா, தே தாரிக்கில் சீனி திரும்ப வந்துவிட்டதா என்று பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் காலை வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுத்து எழுதி வையுங்கள். சிகிச்சை முடிந்து ஹீமோகுளோபின் பழைய நிலைக்கு வந்து மூன்று மாதம் ஆகும் வரை, நிஜமான கணக்கு அந்த நோட்டில்தான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: வைரஸ் அடங்கும்போது சிலருக்கு இனிப்பு நிஜமாகவே இறங்குவதும் உண்டு. விரல் குத்தினால் அதுவும் தெரிந்துவிடும். மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ அந்த எண்களைக் காட்டி டாக்டரிடம் கேட்டு.

இப்போது அபூர்வமானதற்கு வருகிறேன். மூத்தாருக்கு நடந்தது இன்டர்ஃபெரானின் வழக்கமான இறக்கம் மாதிரி தெரியவில்லை. வழக்கமானது சில வாரங்களில் படிப்படியாக இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். திடீரென்று 6,000, காலில் புள்ளி, ஈறில் ரத்தம் என்றால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த பிளேட்லெட்டுகளையே எதிரி என்று நினைத்து அழித்திருக்க வேண்டும். இன்டர்ஃபெரான் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்து. அபூர்வமாக, எழுந்தது யாரை அடிப்பது என்று தெரியாமல் சொந்த ஆளையே அடித்துவிடும். ஹெபடைட்டிஸ் சி வைரஸே கூட, ஊசி எதுவும் இல்லாமல், சிலருக்கு இதைச் செய்வதுண்டு.

அந்தப் புள்ளிகளை நான் முதலில் பார்த்த நோயாளி ஒரு பள்ளிக்கூட ஆயா. கொசுக்கடி என்று நினைத்து இரண்டு நாள் மஞ்சள் பூசியிருந்தார். மஞ்சளைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, காலுறையின் விளிம்பு அழுத்திய இடத்தில் நெருக்கமாக, சிவப்பு மைப் பேனாவின் நுனியால் குத்திக் குத்தி வைத்த மாதிரி இருந்தது. கண்ணாடித் தம்ளரின் அடிப்பக்கத்தை வைத்து அழுத்தினால் கொசுக்கடியின் சிவப்பு மறையும், இது மறையவில்லை. அரிப்பும் இல்லை. உங்கள் கணவர் குளித்துவிட்டு வரும்போது வாரத்துக்கு ஒரு முறை அவர் கணுக்காலைப் பாருங்கள், போதும். இந்த மாத்திரைகளில் அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கல்லீரல் இறுகியவருக்கு அந்தப் புள்ளி எந்தக் காரணத்தால் வந்தாலும் அன்றே பார்க்க வேண்டியது.

இன்னொரு அபூர்வம், கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் சொல்கிறேன். தோலுக்கும் மூட்டுக்கும் சேர்ந்து வரும் ஒரு நோய்க்காக அஸதயோப்ரின் என்ற மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டு வந்த ஒரு பெண்மணி, வேறோர் இடத்தில் ரிபாவிரின் தொடங்கினார். ஐந்தாவது வாரம் என்னிடம் வந்தபோது சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட் மூன்றும் தரைமட்டம். அஸதயோப்ரினைக் கழிக்க உடம்புக்குத் தேவையான ஒரு என்சைமை ரிபாவிரின் மறிக்கிறது. கழியாத கழிவு மஜ்ஜையை முடக்குகிறது. இரண்டு இடத்திலும் நல்ல டாக்டர்கள்தான். அவர் பையில் இருந்த எல்லா மருந்தையும் ஒரே மேசையில் யாரும் கொட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் நிறுத்தினோம், ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது, மஜ்ஜை திரும்பிவிட்டது. அந்த நாளிலிருந்து நான் எந்த நோயாளியிடமும் "வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று வாயால் கேட்பதோடு விடுவதில்லை. பையைக் கொண்டுவரச் சொல்கிறேன். உங்கள் கணவரின் மருந்துகள், டானிக், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய எண்ணெய் வரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை ஃபார்மசியில் காட்டுங்கள்.

லோரி ஓட்டுகிறவர்கள் முதுகுவலிக்கு போன்ஸ்டான் வாங்கிப் போட்டுக்கொள்வது எனக்குத் தெரியும். அது வேண்டவே வேண்டாம். இறுகிய கல்லீரலும் 68,000 பிளேட்லெட்டும் உள்ளவருக்கு அந்த வகை வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெனடோல் (பாராசிட்டமால்) போடலாம், ஆனால் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நாலுக்கு மேல் கூடாது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்; யாரிடமும் போனில் யோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். காய்ச்சல் 38ஐத் தாண்டினாலும் அன்றே போக வேண்டும். அங்கே பணியில் இருப்பவர் 68ஐப் பார்த்ததும் டிங்கி என்றுதான் முதலில் நினைப்பார். டிங்கியாகவே இருக்கலாம், செந்தூலில் அதற்குக் குறைவா? ஆனால் உங்கள் கணவருக்கு வழக்கமான அளவே 70ஐ ஒட்டித்தான் என்பது அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டும். முதல் ரிப்போர்ட்டின் நகலை உங்கள் கைப்பையில் எப்போதும் வைத்திருங்கள்.

படியேற்றத்துக்கு என்னால் மருந்து சொல்ல முடியவில்லை. லிஃப்ட் சரியாகும் வரை ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; சாமான் தூக்க வேண்டாம். இரண்டு இடத்தில் நிற்பதில் தப்பில்லை. நிற்பது நாலு இடமானாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ சொல்லியாக வேண்டும். லோரி விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். தலைசுற்றல் இருக்கும் வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. மருத்துவ விடுப்புச் சீட்டு கேட்டால் தருவார்கள். குறைத்த ரிபாவிரினின் பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், ஏனென்றால் உள்ளே சேர்ந்தது மெல்லத்தான் வெளியேறும். சிகிச்சை முடிந்த பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் பழைய இடத்துக்கு வந்துவிடும். கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 வாரம் கழித்து எடுக்கும் வைரஸ் பரிசோதனைதான் குணமா இல்லையா என்று சொல்லும். அதைத் தவறவிடாதீர்கள். குணமானாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் ஸ்கேன் தொடர வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருபவர் உங்கள் கணவர் இல்லை. உங்கள் மூத்தார். அவருக்குச் சிகிச்சை பதினாலாவது வாரத்தில் நின்றது. குணமானதாக நீங்கள் எழுதவில்லை. பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை என்கிறீர்கள். அப்படியானால் 1986இல் உடம்பில் ஏறிய வைரஸ் இன்னும் அவருக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். நாற்பது வருடம் அது கல்லீரலை என்ன செய்யும் என்பதை உங்கள் கணவரின் ஸ்கேனில் பார்த்துவிட்டீர்கள்.

அவர் ஒதுங்கியிருந்த வருடங்களில் இந்த நாட்டில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. சோபோஸ்புவிர் வந்த புதிதில் அமெரிக்காவில் ஒருவருக்கு முழுச் சிகிச்சையின் விலை 84,000 டாலர். நம்மைப் போன்றவர்கள் பெயரைக்கூட உச்சரிக்க முடியாது. 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம் காப்புரிமைக்கு மேலாகத் தன் உரிமையைப் பயன்படுத்தி மலிவு விலை மாத்திரைக்கு வழி செய்தது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். 2021இல் ரவிடாஸ்விர் என்ற இன்னொரு மாத்திரைக்கும் இங்கே அனுமதி கொடுத்தார்கள். தினம் ஓரிரு மாத்திரை, மூன்று மாதமோ ஆறு மாதமோ, ஊசி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ரிபாவிரினும் தேவைப்படாது. இறுகிய கல்லீரல் உள்ள சிலருக்குத்தான் சேர்க்கிறோம். நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் வரை குணமாகிறார்கள்.

அடுத்த முறை அவர் போன் செய்யும்போது வாக்குவாதம் பண்ணாதீர்கள். "உங்களுக்குப் போட்ட ஊசி இப்போ இல்லைங்க மாமா, டாக்டரே எழுதியிருக்காங்க" என்று சொல்லுங்கள். பட்டர்வொர்த்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரத்தப் பரிசோதனை, அதில் வைரஸ் இருந்தால் பினாங்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம், இவ்வளவுதான் முதல் படி. போகும்போது 2011இல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் எடுத்துப் போகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், இன்டர்ஃபெரான் ஊசியில் பிளேட்லெட் 6,000க்கு இறங்கியது என்று ஒரு தாளில் நீங்களே பெரிய எழுத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். அந்த ஊசியை அவருக்கு இனி எந்த நோய்க்கும் யோசிக்காமல் போட்டுவிடக் கூடாது.

தனியாகப் போக மாட்டார் என்றால் உங்கள் கணவர் கூடப் போகட்டும். பஸ்ஸில் போகச் சொல்லுங்கள்.